காலி மனசுக்குப் பாடும் கிண்ணம்

போன மாதம் எங்கள் தெருவில் யாருக்கும் மனசே இல்லை. அவரவர் மனசைக் கழுவித் துடைத்துக் காலி செய்து வைத்திருந்தார்கள். உபயம்: கிண்ணம் மாஸ்டர்.

மூடிக் கிடந்த மரச்சாமான் கடையில் அவர் வெள்ளைத் திரையும் வெள்ளை மெத்தைகளுமாகக் கடை விரித்தபோதே தெரு வாயைப் பிளந்தது. தாடி இல்லை, சடை இல்லை, கோட்டு போட்டிருந்தார். 'சாமி' என்று கும்பிட்ட மாடி வீட்டம்மாவை அங்கேயே திருத்தினார்.

"சாமியெல்லாம் மூடநம்பிக்கைம்மா. இது சயின்ஸ். மைண்ட்ஃபுல்னெஸ். பெரிய பெரிய மனநல ஆஸ்பத்திரியிலேயே இதைத்தான் செய்றாங்க."

மூடநம்பிக்கை கூடாது என்று அவரே சொல்லிவிட்டாரே, அப்புறம் நம்பாமல் இருக்க முடியுமா? மறுநாளே வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

வித்தை இதுதான். மேடையில் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு வெண்கலக் கிண்ணம். பக்கத்தில் உயரமான மெத்தையில் மாஸ்டர். எல்லோரும் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். கூடத்தில் உள்ள அத்தனை மனசும் காலியானால், யாரும் தொடாமலே கிண்ணம் 'ங்ங்ங்' என்று பாடும். பாடாவிட்டால் யாரோ ஒருவர் மனசில் குப்பை. யார் மனசு என்று மாஸ்டருக்குத் தெரியும். அந்தக் குப்பையை அள்ளத் தனி வகுப்பு, தனிக் கட்டணம். குப்பை பெரும்பாலும் கார் வைத்திருந்தவர்கள் மனசிலேயே சேர்ந்திருந்தது, தற்செயலாகத்தான்.

பல் டாக்டர் முன்வரிசை. ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பார்த்த மனிதர், இங்கே கண்ணை மூடித் தன் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். 'கேள்வி கேளுங்கடா' என்று பிள்ளைகளிடம் காலமெல்லாம் கத்தியவர் மாஸ்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, "அடுத்த வகுப்பு எப்போ சார்?"

இனி, எங்கள் எதிர்வீட்டு வேன் அக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். போன வருஷம் ஒருநாள் பாலத்தின் நடுவில் நெஞ்சடைத்து, கை மரத்து, செத்தே போய்விடுவோம் என்று தோன்றி, வண்டியை ஓரம் கட்டிவிட்டார். பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன. இதயத்தில் கோளாறில்லை, இது பதற்ற நோய் என்றார்கள். மனநல டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஆலோசகர் அம்மா வாராவாரம் உட்கார வைத்துப் பேசினார். கூடவே ஒரு பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்: பயம் வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காதே, ஓடவும் ஓடாதே. கால் தரையில் இருக்கிறதா, காதில் என்ன சத்தம் விழுகிறது, இருப்பதை இருக்கிறபடி கவனி. அக்கா மெல்ல மெல்ல மீண்டார். திங்கட்கிழமை மறுபடி பாலத்து வழி அவருக்கு என்று பள்ளியும் சொல்லிவிட்டது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் வீட்டு ஜன்னல் அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு நேரே இருப்பது என் குற்றமா?

சீக்கிரம் குணமாகட்டும் என்று அக்காவை அவர் வீட்டுக்காரர் சனிக்கிழமை கிண்ணத்திடம் கூட்டிவந்தார். வங்கியில் காசாளர். கள்ள நோட்டை விரலாலேயே கண்டுபிடிப்பார். கள்ள மனுஷனைக் கண்டுபிடிக்க வங்கியில் பயிற்சி தருவதில்லை போலிருக்கிறது.

கிண்ணம் பாடவில்லை. மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார்.

"மாத்திரை வாடை வருது. யாரோ மனசுக்குப் பூட்டுப் போட்டு வெச்சிருக்காங்க."

அத்தனை தலையும் அக்கா பக்கம் திரும்பியது. அக்காவை எழுப்பி வாசல் பக்கம் உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் கண்ணை மூடினார்கள். உடனே கிண்ணம் பாடியது. கூடமே உருகியது.

"மாத்திரையையும் அந்த ஆலோசகரையும் விட்டுட்டு நாளைக்கு வாங்க. கிண்ணம் பாடும். அப்புறம் ஆயுசுக்கும் பயமே வராது" என்றார் மாஸ்டர்.

அன்று சாயங்காலம் ஜன்னல் வழியே காற்று வந்தது. கூடவே பேச்சும் வந்தது.

"ஒரேயடியா நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. மாத்திரை வெச்சுப் பூட்டின அலமாரிச் சாவியைக் குடுங்க."

"டாக்டர் சொன்னா கிண்ணம் பாடுமா? தெருவே என்னைத் திட்டுது, உன் பொண்டாட்டியாலதான் எங்க மனசு கெடுதுன்னு."

"மூச்சைக் கவனிக்க ஆஸ்பத்திரியிலயும்தான் சொல்லிக் குடுத்தாங்க. அது சீட் பெல்ட் மாதிரிங்க. கட்டிக்கணும். அதுக்காக பிரேக்கைக் கழட்டி எறிவாங்களா? திங்கக்கிழமை இருபது பிள்ளைங்க என் பின்னாடி உக்காரும்."

"நாளைக்குக் கிண்ணம் பாடட்டும். அப்புறம் மாத்திரை எதுக்கு?"

"அந்தக் கிண்ணமே பொய்யின்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சா சாவி உன் கையில."

கொஞ்ச நேரத்தில் அக்கா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"கவனி கவனின்னு சொன்னாரா? நானும் கவனிச்சேன். ஃபேன் சத்தம், பல் டாக்டர் குறட்டை, எல்லாம் கேட்டுச்சு. கிண்ணம் பாடுறதுக்கு முன்னாடி மாஸ்டர் மெத்தையிலேர்ந்து 'டக்'னு ஒரு சத்தமும் கேட்டுச்சு. நிறுத்தும்போதும் ஒரு 'டக்'."

பாவம் மாஸ்டர். 'கவனி' என்பதைச் சும்மா சொல்லிவைத்தார். ஒருத்தர் நிஜமாகவே கவனித்துத் தொலைத்துவிட்டார்.

"நாளைக்கு யாரும் மனசைக் காலி பண்ணக் கூடாது. எவ்வளவு குப்பை முடியுமோ அவ்வளவையும் நினைக்கணும். முகம் மட்டும் சாந்தமா இருக்கட்டும். மனசுதான் கிண்ணத்தைப் பாட வைக்குதுன்னா, அது பாடவே கூடாதில்ல? எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. மாஸ்டருக்கு மட்டும் தெரியக் கூடாது."

என்னிடம் சொல்லிவிட்டால் தனியாகத் தண்டோரா எதற்கு? ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தலைமையாசிரியர்கூட ஒப்புக்கொண்டார். "கிண்ணம் பாடாது, பாருங்க. அப்ப அந்தம்மா மூக்கு உடையும்." மற்றபடி, குப்பையை நினைக்க எங்கள் தெருவுக்குப் பயிற்சி தேவையில்லை.

ஞாயிறு காலை கூடம் நிரம்பி வழிந்தது. "நேத்திலேர்ந்து மாத்திரை கிடையாது சார்" என்று காசாளர் பெருமையோடு அறிவித்தார். மாஸ்டர் முகம் மலர்ந்தது. கண்கள் மூடின. ஐயோ, என்ன சாந்தம்! என்ன அமைதி!

டக். ங்ங்ங்ங்...

"ஆகா!" என்றார் மாஸ்டர் தழுதழுத்து. "என் வாழ்நாள்ல இப்படி ஒரு மௌனத்தைப் பார்த்ததில்ல! ஒரு மனசுலகூட ஒரு நினைப்பு இல்ல!"

அக்கா எழுந்தார். "மாடி வீட்டம்மா, என்ன நினைச்சீங்க?"

"என் ஓரகத்தி புதுசா வீடு கட்டுறா. அதுல மழைத் தண்ணி ஒழுகுற மாதிரி நினைச்சேன்."

"டாக்டர் சார்?"

"எதிர்ல புதுசா கிளினிக் திறந்திருக்கான் பாருங்க, அவனுக்கே பல்வலி வந்து என்கிட்ட வர்ற மாதிரி."

தலைமையாசிரியர் தயங்கினார். "மாஸ்டர் தலையில இருக்கிறது சொந்த முடிதானான்னு..."

கூடம் குலுங்கியது. மாஸ்டர் அசரவில்லை. "அதெல்லாம் மேல் மனசு. அதுக்கும் அடியில மௌனம் இருந்திருக்கு. கிண்ணம் அதைத்தான் கேட்டுச்சு."

"நேத்து என் மனசுக்கு மட்டும் அடியே இல்லையா?" என்றார் அக்கா. "சரி, எங்க அடி மனசு எல்லாம் இப்பவும் காலியாத்தான் இருக்கு. நீங்க எறங்கி வந்து எங்களோட தரையில உக்காருங்க. கிண்ணம் பாடட்டும்."

"மாஸ்டர் ஆசனத்தை விட்டு எழக் கூடாது!" என்றார் அவர்.

"அப்ப வீட்டுக்கு எப்படிப் போவீங்க?" என்றது ஒரு குரல்.

போய் மெத்தையைத் தூக்கியது யார் தெரியுமா? காசாளர். மெத்தையோடு சேர்ந்து மாஸ்டரும் சரிந்தார். அடியில் ஒரு காலிங்பெல் சுவிட்ச். அதிலிருந்து கம்பளத்துக்கடியில் ஓடிய ஒயர் மேஜைக்குப் போயிற்று. மேஜைப் பலகையின் அடியில் முகம் மழிக்கும் மெஷினின் மோட்டார் ஒன்று கட்டியிருந்தது. அது உறுமினால் பலகை அதிரும், பலகை அதிர்ந்தால் கிண்ணம் பாடும். இத்தனை நாள் எங்களை மொட்டையடித்தது அதுதான்.

காசாளர் தலை நிமிராமல் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டார். அன்றே டாக்டரைக் கேட்டு மாத்திரையைத் தொடர்ந்தார். திங்கட்கிழமை காலை வேன் பாலத்தைத் தாண்டியதும் அக்கா ஆலோசகர் அம்மாவுக்குப் போன் செய்தார். பயம் வந்ததாம், கூடவே கொஞ்ச தூரம் வந்துவிட்டுப் போய்விட்டதாம்.

கிண்ணத்தை, கட்டிய பணத்துக்கு ஈடாக, மாடி வீட்டம்மா தூக்கிப் போய்விட்டார். இப்போது அதில் வெங்காயம் இருக்கிறது. பாடுவதில்லை.

நேற்று அதே அம்மா என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "அடுத்த தெருவுல ஒருத்தர் காந்தப் பாயில படுக்க வெச்சே கவலையெல்லாம் உறிஞ்சி எடுத்துடுறாராம். இது நிஜ சயின்ஸாம். போகலாமா?"

"தாராளமா போங்க" என்றேன். "படுக்கிறதுக்கு முன்னாடி பாயை மட்டும் ஒரு தடவை தூக்கிப் பாத்துடுங்க. கையும் கண்ணும் உங்களோடதுதானே, அதுக்குக் கட்டணம் கிடையாது."