மழைக்கு நிறுத்தாதவர்

நெடுஞ்சாலைகளில் ஓர் இனம் உண்டு. மழைக்கு வண்டியை நிறுத்தாத இனம். வானம் பொத்துக்கொண்டு ஊற்றினாலும் “இதெல்லாம் ஒரு மழையா?” என்று கேட்கும். அதன் கணக்கில் நிஜமான மழை எப்போதோ பெய்து முடிந்துவிட்டது. அதில் வண்டி ஓட்டியதும் அந்த இனம் மட்டும்தான்.

ஜீயபுரத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய லாரி டிரைவர் தங்கையனையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஸ்ரீரங்கத்தைத் தாண்டும்போதே சித்திரைக் கோடை மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் பாதிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மீதியை வருண பகவான் பொறுப்பில் விட்டிருந்தது. பக்கத்தில் மாற்று டிரைவர் கலீம், கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அண்ணே, கொஞ்சம் ஓரங்கட்டலாம்ண்ணே. மொத மழை, புழுதியும் எண்ணெயும் சேர்ந்து ரோடு வழுக்கும்.”

“ஐப்பசி அடைமழைக்கே நிறுத்தாதவன்டா நான். இந்தத் தூறலுக்கா?”

சொல்லும்போதே தங்கையன் மூக்கைக் கண்ணாடிவரை நீட்டிப் பார்த்தார். முன்னால் தெரிவது பஸ்ஸா, வெறும் புகையா என்றே புரியவில்லை. நிறுத்தத்தான் ஆசை. ஆனால் அப்படிச் சொன்ன முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதனால் இன்னும் கொஞ்சம் மிதித்தார்.

கொள்ளிடம் பாலம் தாண்டியதும் எதிரே மஞ்சளாக ஏதோ அசைந்தது. சமயபுரத்துக்கு நடந்துபோகும் பெண்கள்! பிரேக்கை அழுத்தினார், லாரி கேட்கவில்லை. பின்பக்கம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பி, ஓரமாகச் சறுக்கி, வரிசையின் கடைசியில் நடந்த அம்மாளின் முந்தானைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. “ஆத்தா!” என்று அலறியது அந்த அம்மாள் இல்லை, தங்கையன்.

“கண்ணு தெரியலன்னா நிறுத்துனா என்னய்யா?” என்றாள் அவள்.

இத்தனை வருஷத்தில் அவரை யாரும் இவ்வளவு எளிய கேள்வி கேட்டதில்லை.

கலீம் விவரமானவன். மழைப் பேச்சையே எடுக்கவில்லை. “ஒரு டீ அடிக்கலாமாண்ணே?”

“டீக்குன்னா நிறுத்தலாம்,” என்றார் தங்கையன்.

சமயபுரத்து டீக்கடை வாசலில் ஏற்கெனவே லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒருத்தராவது மழைக்கு நிறுத்தியிருப்பாரா? ஒருவர் டயரில் காற்றுப் பார்க்க நிறுத்தினாராம். இன்னொருவர் ஆத்தாளுக்குச் சூடம் கொளுத்த, அதுவும் கொட்டுகிற மழையில். மற்றொருவருக்கு வயிறு சரியில்லையாம், ஆகவே மூன்றாவது வடையைத் தின்றுகொண்டிருந்தார். தங்கையனும் ஐப்பசி மழைக் கதையைச் சொல்ல வாயெடுத்தார். அந்த முந்தானை கண்ணில் ஆடியது. வாயை வடையால் அடைத்துக்கொண்டார். மழை விடும்வரை அங்கே ஒருவருக்கும் டீத் தாகம் அடங்கவில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் காவிரிப் பாலத்தில், அடிக்கிற மழையில், மூக்குக்கண்ணாடியைக் கட்டைவிரலால் வழித்துவிட்டுக்கொண்டு, “தோ, ரெண்டே நிமிஷத்துல வீடு” என்று ஸ்கூட்டரை விரட்டுகிறவர் யார்? பின்னால் உட்கார்ந்திருப்பவர் உங்கள் தோளை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாரே, அதைப் பாசம் என்றா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?