அத்தை சேமிக்காமல் போன முகம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு,

மாடியறையிலிருந்து உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம், மாமா நலம், குழாயடியில் நீங்கள் வைத்துவிட்டுப் போன செடிகளும் நலம். அங்கே நீங்களும், பாப்பாவும், பாப்பாவுக்குப் பிறந்த பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனியாவது உங்கள் மகளைப் பாப்பா என்று கூப்பிடுவதை நிறுத்தலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "அவ என்ன, அதுக்குள்ள வளந்துட்டாளா?" என்றார்.

கம்ப்யூட்டரும் நலம். இந்த ஒரு வாக்கியத்தை எழுதத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள், பிரசவ வார்டு முழுக்க உட்கார்ந்து கேட்கும். என்னைப் பற்றிய செய்தி ஓர் ஆளுக்கு மேல் தெரிந்தாலே எனக்குக் கூச்சமாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் துணிப்பையை எடுத்துப் போக மாப்பிள்ளை சாயங்காலம் வருகிறார். புடவைகளுக்கு நடுவே இதை வைத்து அனுப்புகிறேன். படிக்கும்போது பதறக் கூடாது. முடிவு நல்ல முடிவுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்று விடியற்காலையில் பாப்பாவுக்கு வலி வந்துவிட்டது என்று போன் வந்ததும், நீங்கள் ஒரு காலில் ஒரு செருப்பும் மறு காலில் மாமாவின் செருப்புமாக ஓடினீர்கள் அல்லவா, அப்போது ஸ்டுடியோ கம்ப்யூட்டரை அணைக்காமல், மேலே துணியைப் போர்த்திவிட்டு அப்படியே போய்விட்டீர்கள். அதில் தவறில்லை. இன்று காலை மாமா கடையைத் திறந்து, துணியைப் பாதி மட்டும் விலக்கி, பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த இரண்டு பெண்களை உட்காரவைத்து, பாஸ்போர்ட் அளவுக்கு வெட்டும் அந்தச் செயலியை அமுக்கியிருக்கிறார். வரவில்லை. மறுபடி அமுக்கியிருக்கிறார். எது வரவில்லையென்றாலும் மறுபடி அமுக்குவது மாமாவின் வழக்கம், லிஃப்டிலும் அப்படித்தான். நான் அப்போது மாடியில் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். கூட்டத்தில் எல்லாரும் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன், சிரிப்பீர்கள். கீழேயிருந்து மாமா ரொம்ப மரியாதையாக, "வேலையா இருக்கியாம்மா?" என்று குரல் கொடுத்தார். மாமா மரியாதையாகக் கூப்பிட்டால் ஏதோ உடைந்திருக்கிறது என்று பொருள். இறங்கி ஓடினேன்.

"எத்தனை தடவை அமுக்குனீங்க மாமா?"

"அது வர்ற வரைக்கும்."

"வந்துச்சா?"

"வந்திருந்தா உன்னை ஏன் கூப்பிடுறேன்?"

திரையில் அம்புக்குறி கூட நகரவில்லை. மாமா ஆறுதலாக, "இதுக்கெல்லாம் ஒரே வைத்தியம், ஆஃப் பண்ணி ஆன் பண்றதுதான்," என்று சொல்லிக்கொண்டே சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனார். துணியின் ஓரத்துக்கு அடியில், திரையின் ஒரு மூலையில், ஒரு பெண்ணின் நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்ததை அப்போதுதான் பார்த்தேன். "கைய எடுங்க மாமா!" என்று கத்திவிட்டேன். இந்த வீட்டில் நான் கத்தியது இதுவே முதல் தடவை. பாஸ்போர்ட் பெண்களில் ஒருவர் எழுந்து நின்று, "ஷாக் அடிச்சிருச்சா?" என்று கேட்டார்.

அது தெருமுனைப் பூட்டுக்காரரின் மனைவி. அந்த அம்மா இறந்த பிறகு மிஞ்சியிருப்பது அந்த ஒரே படம்தான் என்றும், கருவிப்பெட்டிக்குள் மடித்து வைத்து வைத்து அது எண்ணெய்க் கறையாகிவிட்டது என்றும், அதை நீங்கள் நாள்கணக்காகச் சரிசெய்துகொண்டிருக்கிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. அதை மாமா சொன்னார்.

"சேவ் பண்ணியிருப்பாங்கல்ல மாமா?"

"உங்க அத்தையா? பார்ட்டி வந்து பாத்து தலையாட்டினாத்தான் சேவ். அதுக்கு முன்னாடி பண்ணா, முடிஞ்சிருச்சுன்னு நெனைச்சு கை நின்னுபோயிடுமாம்."

"மொத்த வேலையுமா?"

"மொத்தமும் அதுலதான் நிக்குது. இன்னிக்கு சாயங்காலம் வந்து பாக்குறேன்னு வேற சொல்லியிருக்காரு," என்றார் மாமா. சுவிட்சிலிருந்து எடுத்த கையைப் பாதுகாப்புக்காக முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அத்தை, இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரு முறை கேட்டு, நான் விளக்கத் தொடங்கியதும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். நீங்கள் மட்டும்தான் இரண்டாவது முறை கேட்டீர்கள். அன்றைக்கு நான் சரியாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் ஒரு மேஜை இருக்கிறது, ஓர் அலமாரி இருக்கிறது. மேஜைதான் மெமரி. சின்னது, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. அலமாரி பெரியது, ஆனால் எழுந்து போக வேண்டும். மேஜையை ஒரே அளவான பக்கங்களாகப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கும் நிர்வாகிக்குக் கெர்னல் என்று பெயர். மேஜை நிரம்பிவிட்டால் அது யாரிடமிருந்தாவது பக்கங்களைத் திரும்ப வாங்க வேண்டும். யாரிடமிருந்து, எந்தப் பக்கத்தை, எப்போது என்பதுதான் எங்கள் குழுவின் வேலை. அலமாரியில் நகல் இருக்கும் பக்கமென்றால் கவலையில்லை, மேஜையிலிருந்து தள்ளிவிடலாம், வேண்டுமானால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். புதிதாக எழுதிய பக்கமென்றால் முதலில் அலமாரியில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் தள்ள வேண்டும். அப்படிப் பத்திரப்படுத்த நம் பழைய மெஷினின் அலமாரியில் யாருமே இடம் ஒதுக்கவில்லை. எதையுமே தள்ள முடியாத நிலை வந்தால் கெர்னல் சுற்றும்முற்றும் பார்த்து, இருப்பவர்களில் யார் ரொம்பக் குண்டு என்று கண்டுபிடித்து, அவரை அவருடைய எல்லாப் பக்கங்களோடும் வெளியே அனுப்பிவிடும். முன்னறிவிப்புக் கிடையாது. நம் மெஷினில் குண்டானவர் யார்? உங்கள் படச் செயலி. அதன் மடியில் பூட்டுக்காரரின் மனைவி.

சேமிக்கும் பொத்தானை அமுக்கினால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். மாமாவும் அதையேதான் சொன்னார். ஆனால் சேமிப்பதற்கே மேஜையில் கொஞ்சம் இடம் வேண்டும். அந்தக் கொஞ்சம் இடத்தைக் கேட்ட மறுவினாடி கெர்னல் குண்டரைத் தேடும். இடம் காலி செய்ய இடம் வேண்டும் என்பது எங்கள் தொழிலின் தீராத தலைவலி. மேலே கூட்டத்தில் அதைப் பற்றித்தான் காரசாரமாக விவாதித்துக்கொண்டிருந்தோம். நான் கேமராவை அணைக்காமல் ஓடிவந்துவிட்டதால் என் காலி நாற்காலியைப் பார்த்தபடியே மற்றவர்கள் விவாதத்தைத் தொடர்ந்தார்கள். இன்றைக்கு நான் குறுக்கே பேசாமல் பொறுமையாகக் கேட்டேன் என்று மேலதிகாரி பிறகு பாராட்டினார்.

கட்டளை தட்டும் ஒரு கருப்புத் திரையைத் திறந்து, "யாரை வேண்டுமானாலும் அனுப்பு, இந்தப் படச் செயலியைத் தொடாதே" என்று கெர்னலுக்கு ஒரு வரி தட்டினேன். நான் தட்டிய எழுத்துகள் ஒவ்வொன்றாக, கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டவர்கள் போல ஆற அமர வந்தன.

"டைப் பண்றியா, யோசிக்கிறியா?" என்றார் மாமா.

"டைப் பண்ணி முடிச்சுட்டேன் மாமா. அதுதான் யோசிக்குது."

திரையில் படத்தைக் காட்டுவதற்கென்றே தனியாக ஓர் ஆள் உள்ளே உண்டு. அவர் போனால் எல்லாரும் கூடவே போய்விடுவார்கள். அவரைப் பாதுகாக்க மறந்துவிட்டேன் என்பது அப்போது உறைத்தது. அவருக்கும் ஒரு வரி தட்டினேன். இரண்டு பேரையும் தொடக் கூடாது என்றதும் கெர்னல் அடுத்த ஆளைப் பிடித்தது. பாதி வரியில் பாட்டு நின்றது. அப்போதுதான் இவ்வளவு நேரமும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்பதே எனக்குத் தெரிந்தது. அடுத்து ஒரு சீட்டாட்டம் மறைந்தது.

"ஐயோ, ஜெயிச்சுக்கிட்டிருந்தேனே!" என்றார் மாமா. பிறகு பாஸ்போர்ட் பெண்களைப் பார்த்து, "பொதுவா சொன்னேன்," என்றார்.

அதன் பிறகும் சேமிக்கும் அளவுக்கு இடம் போதவில்லை. "மாமா, ஒரு பென்டிரைவ் வேணும். அதை அலமாரியா மாத்திக்கலாம். ஆனா உள்ள இருக்கிறது அழிஞ்சுபோகும்," என்றேன். மாமா சாவிக்கொத்திலிருந்து தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். உள்ளே என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை, போடு என்றார். போட்டேன். கெர்னல், வெகுநேரமாக யாரும் தொடாத பக்கங்களாகப் பொறுக்கி ஒவ்வொன்றாக அதில் கொண்டுபோய் வைக்கத் தொடங்கியது. பென்டிரைவின் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. மெஷின் மூச்சுவிட்டது. அம்புக்குறி நகர்ந்தது. சேமித்தேன், அத்தை. பாஸ்போர்ட் பெண்கள் கைதட்டினார்கள். அவர்களுக்கு விஷயம் என்னவென்று கடைசி வரை தெரியாது, ஆனாலும் மனதாரத் தட்டினார்கள். அவர்களுக்கும் நன்றி.

பென்டிரைவில் இருந்தவை மாமா தானே பாடிப் பதிவு செய்த பாட்டுகளாம். உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்றார். ஆகவே எழுதுகிறேன். "அதை யார் கேக்கப்போறா?" என்றார். நீங்கள் ஊரிலிருந்து வந்ததும், எதேச்சையாகக் கேட்பதுபோல், அவரை ஒரு பாட்டுப் பாடச் சொல்ல வேண்டும். இது என் வேண்டுகோள்.

சேமித்த பிறகு அந்தச் செயலி தானாகவே ஒரு கேள்வி கேட்டது: நீங்கள் இதுவரை செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் பின்னோக்கிப் போவதற்காக நினைவில் வைத்திருக்கிறேன், இடத்தை அடைப்பதே அதுதான், அழித்துவிடட்டுமா? படம் பத்திரமாக இருக்கிறது. இனி அதெல்லாம் எதற்கு? ஆம் என்பதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய்விட்டேன். உங்கள் தூரிகை அசைவுகள் வரிசையாகத் தெரிந்தன. ஒருவர் அடித்து அடித்து எழுதிய காகிதத்தை அவர் இல்லாதபோது படிப்பதுபோல் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, அத்தை வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அது தொழில்முறைக் காரணமில்லை, வெறும் கூச்சம்தான். இதனால் மெஷின் இன்னும் நத்தை போலத்தான் நகர்கிறது, மன்னிக்கவும்.

மதியம் உங்கள் துணிகளை எடுத்துவைக்கப் போனபோது, பெட்டிக்காகக் கட்டிலுக்கடியில் குனிந்தேன். அங்கே ஒரு கடல் இருந்தது. ஒரு பூங்கா இருந்தது. படிக்கட்டும் தூண்களும் உள்ள ஒரு மாளிகை இருந்தது. ஸ்டுடியோவின் பின்திரைகள் எல்லாம் சுருட்டி அடுக்கியிருந்தன. மாடியறையில் முன்பு என்ன இருந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வேலை கிடைத்து, தங்க இடமில்லாமல், பெட்டியோடு வந்து நின்றபோது, "மாடி சும்மாத்தான் கெடக்கு, இரு," என்றீர்கள். சும்மா கிடந்ததாக நானும் நம்பினேன். அதன் பிறகு நீங்கள் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டால் கடல் இடிக்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? யாருக்கும் தெரியாமல் ஓரிடத்தை ஒழித்து, கேட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதைத்தான் நல்ல கெர்னல் என்று நாங்கள் சொல்வோம். நன்றி அத்தை. இதை நேரில் சொன்னால் நீங்கள் தலையில் குட்டுவீர்கள் என்பதால் எழுத்தில் சொல்கிறேன்.

முடிப்பதற்கு முன், தொழில் தெரிந்தவள் என்ற உரிமையில் ஓர் அறிவுரை. இனிமேல் தலையாட்டலுக்காகக் காத்திருக்காமல், நினைத்தபோதெல்லாம் சேமியுங்கள். சேமித்ததும் செயலியை மூடிவிடுங்கள். பழைய திருத்தங்களைக் கட்டிக்காப்பது வீண் சுமை. எந்த மெஷினுக்கும் இதுதான் நல்லது.

பாப்பாவுக்கும் குட்டிப் பாப்பாவுக்கும் என் அன்பு முத்தங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். குழந்தை தூங்கும்போது நீங்களும் தூங்குங்கள். இங்கே எல்லாம் சரியாக இருப்பதால் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம்.

என்றும் நன்றியுள்ள,
மாடியறைக்காரி

பி.கு.: மாப்பிள்ளைக்கு முன்பே பூட்டுக்காரர் வந்துவிட்டார். கையை இரண்டு பக்கமும் சட்டையில் துடைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். தலையாட்டவில்லை. "ரொம்ப அழகா இருக்காங்க," என்றார். பிறகு தயங்கி, "என் வீட்டுக்காரி எங்கம்மா?" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. "ரெண்டு புருவத்துக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கும். நான் சொல்றதை நம்பலேன்னா விழும். எப்பவுமே விழுந்திருக்கும்," என்றார். நீங்கள் அதைக் காகித மடிப்பு என்று நினைத்துத் துடைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. ஆக, நான் உயிரைக் கொடுத்துச் சேமித்தது தவறான படம். மேலே எழுதிய அறிவுரையை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்; சேமிக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். நான் அழிக்காமல் விட்ட உங்கள் திருத்தங்களில் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போனேன். மாமாவின் பென்டிரைவ் மின்னி மின்னி ஒவ்வொன்றையும் திருப்பிக் கொடுத்தது. முதலில் ஒன்றும் மாறவில்லை. பிறகு அந்தக் கோடு, மெல்ல, புருவத்துக்கு நடுவே வந்து உட்கார்ந்தது. பூட்டுக்காரர் தலையாட்டினார். அதன் பிறகே சேமித்தேன். "இவதான்," என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமா பக்கம் திரும்பி, "பாருங்க, இன்னும் நம்பல," என்றார்.