சூரியன் கோப்பில் சேர்க்கப்பட்ட வரலாறு

உலகில் முதன்முதலாகச் சூரியனைக் கண்டுபிடித்தது எங்கள் எரிசக்தித் துறைதான் என்பதைப் பெருமையுடன் பதிவு செய்கிறேன். அதற்கு முன்பும் அது வானத்தில் இருந்திருக்கலாம். ஆனால் கோப்பில் இல்லை.

கண்டுபிடிப்புக்குக் காரணம் டீசல். ஒரே ஆண்டில் ஐந்து முறை விலை ஏறியது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பேருந்துகள் பாதியாகக் குறைந்துவிட்டதால் எப்படியும் அவர்கள் தெருவில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். அமைச்சர் சும்மா இருக்கவில்லை. 'விலை உயர்வு' என்ற சொல்லைத் தடை செய்து, 'விலை முன்னேற்றம்' என்று மாற்றினார். அடுத்து, 'புதுப்பிக்கத்தக்க எரிசக்திக் குழு'வை அமைத்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் ஆயுளைப் புதுப்பித்தோம். பெயருக்கேற்ற குழு. அதன் குறிப்பெழுத்தர் அடியேன்.

முதல் கூட்டத்திலேயே ஜன்னல் வழியாக வெயில் வந்து அமைச்சரின் கண்ணைக் கூசவைத்தது. திரைகளை இழுத்து மூடி, பன்னிரண்டு விளக்குகளைப் போட்டு, சூரிய ஒளியைப் பற்றி விவாதித்தோம்.

"ஐயா, சூரியன் நம்ம துறையா, வானிலைத் துறையா?" என்று கேட்டார் செயலாளர்.

"ராத்திரியில இருக்காதாமே?" என்று அமைச்சர் கவலைப்பட்டார்.

"ஆபீஸ் நேரத்துல இருக்குதுங்க ஐயா. அது போதும்."

அன்று மதியம் அக்கா போன் செய்தாள். ஊர்க்கோடியில் உள்ள சிறிய சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ்.

"டேய் தம்பி, பாதி நாள் கரண்ட் இல்ல. ஜெனரேட்டருக்குக் குடுக்கற டீசலையும் சிக்கனம்னு குறைச்சுட்டாங்க. குழந்தைங்களுக்குப் போடற தடுப்பூசி மருந்து ஃப்ரிட்ஜ்ல சூடாகிட்டிருக்கு. நாலு சோலார் பேனல் கேட்டு எழுதினேனே, என்னடா ஆச்சு?"

"உன் கோப்பு நல்லா நகருதுக்கா."

"எங்க நகருது?"

அது என் மேசையில்தான் இருந்தது. சொந்த அக்காவின் கோப்பை முதலில் அனுப்பினால் பாரபட்சம் என்பார்களே! நேர்மை காரணமாக அதை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருந்தேன்.

ஆனால் நல்ல காலம் தானாகவே வந்தது. சூரியத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்ட, நல்ல சாலையும் பக்கத்திலேயே சாப்பாட்டு விடுதியும் உள்ள ஓர் இடம் தேவைப்பட்டது. அக்காவின் நிலையம் தேர்வானது.

ஆளுக்கொரு கார் வீதம் பன்னிரண்டு கார்களில் போய் இறங்கினோம். வெயில் கொளுத்தியது. விருந்தினர்கள்மேல் பட்டுவிடாதபடி பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்குள் இருட்டாக இருந்ததால், சூரிய வடிவில் மின்விளக்கு அலங்காரம். அதற்கும் மைக்குக்கும் பத்து மின்விசிறிகளுக்கும் லாரி மேல் ஒரு பெரிய டீசல் ஜெனரேட்டர்.

அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. எட்டு டிகிரியைத் தாண்டினால் மருந்து கெட்டுவிடும். ஃப்ரிட்ஜ் வெப்பமானியின் முள் ஏழில் நின்றது. மறுநாள் ஊசி போடும் நாள். அக்கா ஜெனரேட்டரைப் பார்த்தாள். உள்ளே போய் நீளமான ஒயரை இழுத்து வந்து சொருகினாள்.

"யாரைக் கேட்டும்மா சொருகறீங்க?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"அமைச்சர் பேசி முடிக்கற வரைக்கும் ஓடட்டும்ணே. குழந்தைங்க மருந்து."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கியது.

அரை மணி நேரத்தில் அமைச்சர் "நன்றி, வணக்கம்" என்றதும் அக்கா மேடைக்கே ஓடினாள்.

"ஐயா, இன்னும் கொஞ்சம் பேசுங்க."

அமைச்சர் திகைத்தார். இருபது வருட அரசியலில் இப்படி ஒரு கோரிக்கை வந்ததே இல்லை.

"எதைப் பத்திம்மா?"

"எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்கய்யா. நிறுத்தாம பேசுங்க."

அவர் கண் கலங்கினார். பேசினார். தன் பள்ளிக்கூட நாட்கள், எதிர்க்கட்சியின் சதி, வெளிநாட்டில் தான் பார்த்த காற்றாலை, தன் மூட்டுவலி. கூட்டம் மெல்லக் கலைந்தது. அக்கா மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். இடையிடையே உள்ளே ஓடி முள்ளைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி தட்டினாள். முள் நாலுக்கு இறங்கியது. மூன்று மணி நேரம் கழித்து அமைச்சரின் தொண்டை கட்டியது.

லாரி புறப்பட்டது. அக்கா குறுக்கே நின்றாள்.

"சார், காலைல வரைக்கும் ஜெனரேட்டரை விட்டுட்டுப் போங்க."

"நாளைக்குப் பக்கத்து ஊர்ல சூரிய விழா இருக்கேம்மா" என்றார் செயலாளர்.

"அப்ப மருந்துப் பெட்டியை ஒரு கார்ல ஏத்திக்குங்க. பெரிய ஆஸ்பத்திரில இறக்கிட்டாப் போதும். எங்க வண்டிக்கு டீசல் இல்ல."

"அமைச்சரோட வர்ற கார்ல உட்கார மருந்துக்கு என்ன பதவிம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் குறிப்பெழுதுவதில் மும்முரமாக இருந்தேன்.

மறுநாள் காலை நாற்பது தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேருந்து இல்லாததால் நடந்தே வந்தார்கள். முள் பதினாலில் நின்றது. அடுத்த மருந்து வர ஆறு வாரம் ஆகும் என்று சொல்லி, ஒவ்வொருவராக அக்கா திருப்பி அனுப்பினாள். ஒருத்தி மட்டும், "இப்பவே போடுங்க சிஸ்டர், சூடா இருந்தாப் பரவாயில்ல" என்றாளாம்.

அதற்குள் என் அறிக்கை தயாராகிவிட்டது. 'விழாவின்போது நிலையத்தின் குளிர்பெட்டி மூன்று மணி நேரம் தடையின்றி இயங்கியது. எனவே கோரிக்கை நிறைவேறியதாகக் கருதி, சோலார் பேனல் கோப்பை முடித்துவிடலாம்.' அமைச்சர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். "உன்னை மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும்யா, நாடு வெளிச்சமாயிடும்!"

போன வாரம், வீணான மருந்துக்கான விளக்கப் படிவம் அக்காவிடமிருந்து வந்தது. அழகான கையெழுத்து. வீணானவை: இருநூறு ஊசி. பழுதான கருவி: இல்லை. வெயில்: போதுமான அளவு. 'காரணம்' என்ற கட்டத்தில் எல்லோரும் 'எதிர்பாராத சூழ்நிலை' என்று எழுதுவது வழக்கம். அக்கா என் பெயரையும் பதவியையும் எழுதியிருந்தாள்.

துறை விதிப்படி, விவரங்களைச் சரிபார்த்துச் சான்றளிக்க வேண்டியவன் நான்தான். இரண்டு முறை படித்தேன். தவறு எதுவும் இல்லை. கையெழுத்திட்டேன்.