சம்மந்தம் பத்திரமாக வைத்த பாரம்

பத்திரமாக வைத்தே தொலைப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. ஒரு பொருள் கைக்கு எட்டுகிற இடத்தில் கிடந்தால் இவர்களுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். உங்கள் தெருவில் தேடினாலும் நாலு பேர் அகப்படுவார்கள்.

பாகூர்ப் பக்கம் மூர்த்திக்குப்பத்தில் மீன் பிடிக்கிற சம்மந்தம் இந்த இனத்துக்கே தலைவர். கல்யாணத்துக்கு வந்த டார்ச் லைட்டை அட்டைப்பெட்டியோடு பூட்டி வைத்துவிட்டு, இருபது வருஷமாக இருட்டில் இடறிக்கொண்டே கட்டுமரத்துக்குப் போகிறார். பட்டு வேட்டியை மடிப்புக் கலையாமல் காத்தார். பூச்சிகள்தான் உடுத்தின.

அப்பேர்ப்பட்டவர் கையில் 1986 மார்ச்சில் மகள் கண்ணகியின் விண்ணப்ப பாரம் சிக்கியது. புதுச்சேரிக் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறவள் அவள். இரும்பு, களிமண், கண்ணாடி எல்லாம் எதனால் உழைக்கின்றன, எதனால் கெடுகின்றன என்று ஆராய்கிற மெட்ராஸ் ஆய்வுக்கூடம் ஒன்று, கோடை விடுமுறையில் இரண்டு மாதம் கூட இருந்து ஆராய்ச்சி செய்ய பி.எஸ்சி. பிள்ளைகளைக் கூப்பிட்டிருந்தது. கல்லூரிக்கு வந்ததே ஒரே பாரம். பேராசிரியர் அதை இவளிடம் கொடுத்தார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிதானமாக உட்கார்ந்து எழுதலாம் என்றிருந்தாள்.

"இங்க குடும்மா, ஈரக்கை பட்டுடப் போவுது. நான் பத்திரமா வைக்கிறேன்."

அப்பா கேட்டால் கொடுக்காமல் என்ன செய்வாள்? அவர் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பேப்பரில் சுற்றி, துணியில் முடிந்து, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்து, சாவியைத் திருடனுக்குத் தெரியாத இடத்தில் ஒளித்தார். அந்த இடம் அவருக்கும் மறந்துபோயிற்று.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டியதில், ஒன்பதாம் நாள் சுண்ணாம்பு டப்பாவில் சாவி அகப்பட்டது. பூட்டுக்குள் நுழைந்தது. திரும்பவில்லை. கடல் காற்று உள்ளே துருவேற்றியிருந்தது.

"இன்னிக்குத் தபால்ல சேக்கலன்னா அவ்ளோதாம்பா. பூடும்," என்றாள் கண்ணகி.

"சுத்தியால ஒரு போடு போடேன்யா!" என்றாள் அவள் அம்மா காசம்மாள்.

"இன்னாடி பேசற? இவ்ளோ நல்ல பூட்ட ஒடைக்கறதா? பாகூருக்குத் தூக்கினு போயி, ஆள வெச்சித் தொறப்போம்."

அப்பாவும் மகளும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார்கள். பெட்டி வந்தது. அடித்தகடு வரவில்லை. துருப்பிடித்து அற்றுப்போன அந்தத் தகடு, டார்ச் லைட்டும் பட்டு வேட்டியும் பாரமும் தன் மேல் இருக்க, அப்படியே தரையில் தங்கிவிட்டது. அப்போது சம்மந்தம் என்ன செய்தார் தெரியுமா? பூட்டை இழுத்துப் பார்த்தார்.

"பாத்தியா, பூட்டு அசையவே இல்ல!"

மூன்று சுற்றையும் மீறிப் பாரத்தில் துருக்கறை ஏறியிருந்தது. கண்ணகி அழவில்லை. எந்தப் பொருளை ஆராய விருப்பம், ஏன் என்று கேட்டிருந்த கட்டத்தில் 'இரும்பு' என்று எழுதி, பூட்டு திறக்காத பெட்டி அடிவழியாகத் திறந்த கதையையும் கறைக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டு, தபால் கட்டுகிற நேரத்துக்குள் பாகூருக்கு ஓடினாள்.

மே மாதம் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. துருவை ஆராய்கிற பிரிவில் இடம். வரும்போது அந்தத் தகட்டில் ஒரு துண்டும் கொண்டுவர வேண்டுமாம்.

"நான் பத்திரமா வெச்சதாலதான கெடச்சிது?" என்று சம்மந்தம் ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்து கையை நீட்டினார். "அந்தக் கடுதாசிய இங்க குடு."

"வேணாம்பா. நானே பத்திரமா வெச்சிட்டேன்."

"எங்க?"

கண்ணகி பெட்டி இருந்த மூலையைப் பார்த்தாள். அடுப்படியைப் பார்த்தாள். பரணைப் பார்த்தாள்.

பயப்படாதீர்கள், அரை நாள் தேடியதில் அரிசிக் குதிருக்கு அடியில் கடிதம் கிடைத்துவிட்டது. அவளும் மெட்ராஸ் போய்ச் சேர்ந்தாள். நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. உங்கள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் பத்திரமாகத்தானே இருக்கிறது? எங்கே, எழுந்துபோய் எடுத்து வாருங்கள் பார்க்கலாம்.