ஒரு நூல் சாய்ந்த வாளி

என் கணவர் கட்டட இன்ஜினியர். கோரைப்புல் பிடுங்கக் குனிவது அவர் கௌரவத்துக்கு இழுக்கு. அன்று காலை களைக்கொல்லி பாட்டிலைக் கோப்பை ஜெயித்தவர்போல் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதுல கோரை வேரோட சாகும். செத்துட்டா இனிமே தோட்ட வேலைக்கு என்னைக் கூப்பிடக் கூடாது."

"சரிங்க. மருந்தால சாகலேன்னா?"

"ஆயுசுக்கும் தோட்டம் என் பொறுப்பு. போதுமா?"

போதும். ஆனால் கோரை முளைத்திருந்தது என் குட்டை ரோஜாக்களின் காலடியில். வருஷக்கணக்கில் கெஞ்ச வைத்து இப்போதுதான் பூத்திருக்கின்றன. கோரையும் லேசுப்பட்டதல்ல. சிமெண்டைப் பிளந்து தலை நீட்டுகிற ஜாதி. அதன்மேல் எனக்கே ஒரு மரியாதை உண்டு.

லேபிளைப் படித்தேன். காற்றில் பறந்து பட்டால் பூச்செடியும் காலி.

"ஒவ்வொரு செடியையும் வாளியால மூடிட்டு அடிங்க."

வீட்டிலிருந்த வாளி, அண்டா, குப்பைக்கூடை எல்லாம் தோட்டத்துக்கு வந்தன. முதல் வாளியைக் கவிழ்க்கப் போனார்.

"உள்ள மாட்டிக்கிற கோரைக்கு மருந்து எப்படிங்க படும்?"

யோசித்தார். "அதை மட்டும் கையால எடுத்துடலாம்."

எடுத்தார். கவிழ்த்தார். வாளிக்கு வெளியே நின்ற கோரை விளிம்புக்கடியில் முட்டுக்கொடுத்தது.

"ஒரு நூல் சாஞ்ச மாதிரி இருக்கே."

இவ்வளவுதான் நான் சொன்னது. அவர் முகம் மாறிவிட்டது. தளம் மட்டமா என்று பார்க்கிற ரசமட்டத்தை எடுத்துவந்து வாளிமேல் வைத்தார். குமிழி ஓரத்தில் நின்றது. எந்த இன்ஜினியர் பொறுப்பான்? மண்டியிட்டு, ஸ்குரூடிரைவரால் கோரையைக் கிழங்கோடு தோண்டி, மண்ணைச் சமன்செய்தார். குமிழி நடுவுக்கு வந்தது. அடுத்த வாளி. அதற்கடுத்த அண்டா. ரோஜாக்களை நான் நெருக்கி நட்டிருந்ததால் வாளியும் வாளியும் இடித்துக்கொண்டன. இண்டு இடுக்கு விடாமல் தோண்டினார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் இப்படி உழைத்து நான் பார்த்ததில்லை. சிரிக்கத்தான் வந்து நின்றேன். அடுத்த வாளியை நானே எடுத்து நீட்டினேன்.

கடைசியில் முகத்தில் துணி கட்டி, ஸ்பிரேயரைத் தூக்கினார்.

"நகரு. அடிக்கப் போறேன்."

"எதைங்க?"

பார்த்தார். குனிந்து பார்த்தார். ஒரு வாளியைத் தூக்கியும் பார்த்தார். மழித்த தலைபோல் மண் பளபளத்தது.

"கோரை போயிடுச்சில்ல? அப்ப நான்தானே ஜெயிச்சேன்?"

"மருந்தால சாகலையேங்க."

பக்கத்து வீட்டுக்காரி மதில்மேல் எட்டிப் பார்த்து மலைத்துப்போனாள். "அக்கா, ஒரு புல்லுகூட இல்லையே. எங்க வீட்டுலயும் காடா கிடக்கு. என்ன வாங்கணும்?"

"ஒண்ணும் வாங்காதே. வாளி மட்டும் எடுத்து வை. ஆளை நான் அனுப்பறேன்."