பாதி மேஜைக்கு முழுக் கூலி

மேஜையின் விலை நூற்றைம்பது. அதைக் கொண்டுவந்து வீட்டில் சேர்க்கும் கூலி பதினோராயிரத்து எண்ணூறு.

தராசுக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். எங்காவது ஒரு புள்ளி விட்டுப் போயிருக்கும் என்று நினைத்தார். அப்படி எதுவும் விட்டுப் போகவில்லை.

"ஜீரோ, கொஞ்சம் இங்க வா."

ஜீரோ அதே தராசு ரிப்பேர் கடையில் பக்கத்து நாற்காலிக்காரர். பழுது பார்த்த ஒவ்வொரு தராசையும் தட்டிப் பார்த்து, "ஜீரோ காட்டுது" என்று அறிவிப்பார். இருபது வருடமாக அறிவித்து அறிவித்து அதுவே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

"ஏலத்துல ஜெயிச்சாச்சுன்னு நேத்து டீ வாங்கிக் குடுத்தீங்களேண்ணே. கூலியைப் பார்க்கலையா?"

"விலையைத்தான் பார்த்தேன்."

"எல்லாரும் அதைத்தான் பார்ப்பாங்க. அதனாலதான் கூலியைக் கீழே பொடி எழுத்துல போடறான்." ஜீரோ திரையை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "அஞ்சு நாள்ல கட்டலைன்னா என் கணக்குல கரும்புள்ளி விழும். நான் வேற ஒரு சர்க்யூட் போர்டுக்கு ஏலம் கேட்டுட்டிருக்கேன். பார்த்துச் செய்யுங்க."

கணக்கு ஜீரோவுடையது. மேஜை மட்டும் தராசுக்காரருக்கு. வாங்குகிறவர் யார் என்று விற்கிறவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. விற்கிறவர், தராசுக்காரரின் கூடப்பிறந்த தம்பி.

ஒன்பது வருடம் முன்பு அப்பாவின் வீட்டை விற்றபோது அண்ணனும் தம்பியும் சாமான்களைப் பிரித்துக்கொண்ட அழகைப் பார்த்து அக்கம்பக்கத்தில் வாயைப் பிளந்தார்கள். ஒரு குரல் உயரவில்லை. "நீ எடுத்துக்கோ", "இல்லண்ணா, நீ எடுத்துக்கோ" என்று மின்விசிறி வரைக்கும் முடிந்து, வண்டிகளில் ஏற்றியும் ஆயிற்று. முற்றத்தில் டேபிள் டென்னிஸ் மேஜை மட்டும் மிச்சம். கடைசியாக ஓர் ஆட்டம் ஆடிவிட்டு ஏற்றலாம் என்று தம்பிதான் சொன்னார்.

இருபதுக்கு இருபது. அண்ணன் ஓங்கி அடித்த பந்து தம்பி பக்கத்து ஓரத்தை உரசிக்கொண்டு கீழே போனது. அல்லது உரசாமல் போனது.

"பட்டுச்சு" என்றார் அண்ணன்.

"படல" என்றார் தம்பி.

அரைமணி நேரத்தில் பேச்சு பந்தை விட்டுவிட்டு, சைக்கிளைத் தொலைத்தது யார், பழி யார் மேல் விழுந்தது, யார் கல்யாணத்துக்கு அப்பா அதிகம் செலவு செய்தார் என்று எங்கெங்கோ போய்வந்தது. சாயங்காலம் மேஜையின் ஒரு பாதி ஒரு வண்டியில் போனது, மறுபாதி இன்னொரு வண்டியில். ரம்பம் தேவைப்படவில்லை. நடுவில் இருந்த இரண்டு கொக்கிகளைக் கழற்றினாலே இரண்டாகிவிடும் மேஜை அது. பந்து பட்டதா படவில்லையா என்று சண்டை வந்த பாதி தம்பியோடு போனது.

அண்ணனிடம் வந்த பாதியில் அவர் மனைவி துவைத்த துணிகளை மடித்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தராசுக்காரர் துணிகளை நாற்காலிக்கு மாற்றிவிட்டு, மேஜையைச் சுவரோடு சேர்த்துத் தள்ளித் தனியாக ஆடுவார். சுவர் எல்லாப் பந்தையும் திருப்பி அனுப்பியது. ஒரு தடவைகூடச் சண்டைக்கு வந்ததில்லை. அதுதான் அதனிடம் இருந்த குறை.

போன வாரம் ஜீரோ ஏலத் தளத்தில் பழைய உதிரி பாகம் தேடிக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்தார்.

"இங்க பாருங்கண்ணே. 'டேபிள் டென்னிஸ் மேஜை. பாதி மட்டும். கால்கள் உண்டு.' பாதியை வெச்சுக்கிட்டு யாருண்ணே ஆடறது?"

தராசுக்காரர் பார்த்தார். பச்சை மேஜை. நடுவில் போன வெள்ளைக் கோடு ஓரிடத்தில் லேசாக விலகி மறுபடி நேராகியிருந்தது. அந்தக் கோட்டைப் பதினான்கு வயதில் அவர்தான் போட்டார். அடிக்கோலைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பி தும்மிவிட்டான்.

பிறகு விலையைப் பார்த்தார். வெறும் நூற்றைம்பது. அவ்வளவுதானா என்று இருந்தது.

போட்டிக்கு ஒருவரும் வரவில்லை. ஜெயித்தார். இப்போது கூலி வந்து நின்றது.

"பேரம் பேசுங்க. எழுதினா குறைப்பாங்க" என்றார் ஜீரோ.

தராசுக்காரர் எழுதினார். 'ஐயா, அனுப்பும் கூலி மிக அதிகம். மேஜையின் எடை முப்பத்தெட்டு கிலோ நானூறு கிராம்தான். இந்த எடைக்கு எந்த லாரி ஆபீஸிலும் ஆயிரத்துக்கு மேல் கேட்க மாட்டார்கள்.'

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'என் மேஜையோட எடை உங்களுக்கு எப்படித் தெரியும்?'

ஜீரோ நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "கிராம் வரைக்குமா எழுதுவாங்க?"

"வீட்டுல இருக்கற பாதியை எடை போட்டுப் பார்த்தேன். ரெண்டும் ஒரே எடைதானே."

"அது சரி, அதை அவருக்கா சொல்றது? சமாளிங்க."

தராசுக்காரர் சமாளித்தார். 'நான் தராசுத் தொழிலில் இருப்பவன். படத்தைப் பார்த்தே எடை சொல்லிவிடுவேன்.' அனுப்பிய பிறகுதான் உறைத்தது. தராசுத் தொழிலில் இருக்கிற ஆளாகத் தம்பிக்குத் தெரிந்தது ஒரே ஒருத்தர்.

"விடுங்கண்ணே, உலகத்துல தராசுக்காரங்க எத்தனையோ பேர்" என்று ஜீரோ தேற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பதில் வந்தது.

'நல்லது. மரப்பெட்டி அடிச்சு அனுப்பணும், அதைச் சேர்க்க மறந்துட்டேன். கூலி இப்ப பன்னிரண்டாயிரத்து அறுநூறு.'

"வாயைக் குடுத்து எண்ணூறு ஏத்திட்டீங்க" என்றார் ஜீரோ.

மறுநாள் தராசுக்காரர் வேறு வழி யோசித்தார். பெரிய பொருளாகப் போவதால்தான் இந்தக் கூலி. 'கால்களைக் கழற்றி, மேஜையைப் பிரித்து அனுப்ப முடியுமா?' என்று கேட்டார்.

'ஏற்கனவே பிரிச்சதுதான்' என்று பதில் வந்தது. 'கால் தனியாப் போனா ரெண்டு பார்சல். பதினாலாயிரத்து இருநூறு.'

ஜீரோ தொகையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். தராசுக்காரர் தொகையைப் பார்க்கவில்லை. முதல் இரண்டு வார்த்தைகளை ஐந்தாறு முறை படித்தார்.

வீட்டுக்குப் போயும் ஜீரோவின் கணக்கைத் தன் போனில் திறந்து படித்தார். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லைதான். ஆனாலும் கேட்டார். 'ஓரங்களில் சேதம் ஏதாவது உண்டா?'

'ஓரத்துல எதுவும் படல. நல்லாப் பார்த்துட்டேன்.'

தராசுக்காரருக்கு ஜிவ்வென்று ஏறியது. 'பட்டுச்சு' என்று அடித்தார். அழித்தார். மறுபடி அடித்தார். கடைசியில் 'நன்றி' என்று அனுப்பினார்.

"யார் அது?" என்றார் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"ஒரு வியாபாரம்."

"வியாபாரத்துக்கு யாரும் இப்படிப் பல்லைக் கடிச்சு நான் பார்த்ததில்ல. நடுநடுவுல சிரிக்க வேற செய்யறீங்க. குடுங்க இப்படி." போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். கையில் இருந்த துண்டைப் பாதி மேஜையின் மேல் மெதுவாக வைத்தார். "இது கொழுந்தன் வீட்டுச் சாமான் இல்ல?"

தராசுக்காரர் சுவரைப் பார்த்தார்.

"ஒன்பது வருஷமா ஒரு போன் பண்ண மாட்டேன்னுட்டீங்க. இப்ப அடுத்தவர் பேர்ல நாளைக்குப் பத்துத் தடவை எழுதிக்கிட்டிருக்கீங்களா?"

"அவன் அதை நூத்தம்பதுக்கு விக்கறான்."

"இடத்தை அடைக்குதுன்னு வித்திருப்பார். நானே உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"நான் வித்தேனா?"

மனைவி துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூன்றாவது நாள் லாரி டிரைவர் ஒருவர் கடைக்கு வந்தார். மூட்டை நிறுக்கும் பெரிய தராசுகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்குகிறவர். தம்பி இருக்கும் ஊர் வழியாகத்தான் போகிறார், காலியாகத்தான் திரும்புகிறார். ஆயிரம் பேசி முடித்து, முன்பணமாகவே கொடுத்தும் அனுப்பினார் தராசுக்காரர். பதினாலாயிரத்தை ஆயிரத்தில் முடித்துவிட்ட சந்தோஷத்தில் ஜீரோவுக்கு இன்னொரு டீ கிடைத்தது.

டிரைவர் மறுநாள் வெறும் வண்டியோடு வந்து நின்றார்.

"தர மாட்டேன்னுட்டாருங்க. வாங்கினவர் நேர்ல வந்தா ஒரு பைசா கூலி இல்லாம எடுத்துட்டுப் போகலாமாம். வேற ஆள்கிட்டக் குடுக்க மாட்டாராம்."

"அப்ப ஆயிரம்?" என்றார் ஜீரோ.

"போயிட்டு வந்தேனுங்களே."

ஜீரோ டிரைவரோடு சண்டைக்குத் தயாரானார். தராசுக்காரர் அவரைக் கையமர்த்திவிட்டு, டிரைவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"ஆள் எப்படி இருந்தார்?"

"எந்த ஆளு?"

"மேஜைக்காரர்."

"அவரா? தலையெல்லாம் நரைச்சிருக்குங்க. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கறார். மத்தபடி நல்ல மனுஷன். சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு உட்கார வெச்சுட்டார்."

"கால் எப்பலேர்ந்து?"

"அதை நான் எப்படிங்க கேக்கறது?"

"இளைச்சிருக்காரா?"

"முன்ன எப்படி இருந்தார்னு தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்?"

"எழுபத்து மூணு கிலோ இருப்பார்" என்றார் தராசுக்காரர்.

டிரைவர் ஜீரோவைப் பார்த்தார். ஜீரோ கூரையைப் பார்த்தார். டிரைவர் கொஞ்சம் யோசித்து, "அவ்வளவெல்லாம் இருக்க மாட்டார். அறுபது இருந்தா அதிகம்" என்றார்.

அன்று தராசுக்காரர் பழுது பார்த்த தராசு ஒன்றுகூட ஜீரோ காட்டவில்லை.

ஐந்தாவது நாள் காலை ரயிலில் அவர் கிளம்பினார். பையில் ஜீரோ எழுதிக் கொடுத்த கடிதம். 'என் சார்பில் இவரிடம் மேஜையைக் கொடுக்கவும்.' தலையில் புதுத் தொப்பி.

"தொப்பி போட்டா அண்ணனைத் தம்பிக்கு அடையாளம் தெரியாதா?" என்றார் மனைவி.

"வெயிலுக்குப் போட்டிருக்கேன்."

"மழை பெய்யுது." ஒரு டப்பாவில் சாப்பாடும், இன்னொரு டப்பாவில் வேறு ஏதோவும் கட்டிக் கொடுத்தார். இரண்டாவது டப்பா யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஆறு மணி நேரப் பயணம் முழுவதும் தராசுக்காரர் ஒத்திகை பார்த்தார். குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, "மேஜை விஷயமா வந்திருக்கேன்" என்று சொல்ல வேண்டும். வேறு எதுவும் பேசக்கூடாது. எதிர் இருக்கைக்காரர் அதை நான்கு முறை கேட்டுவிட்டு, "எனக்கு மேஜை எதுவும் வேண்டாம்ங்க" என்றார்.

மூன்று மாடிக் கட்டடம். மூன்றாவது மாடி. ஏறி முடித்ததும் மூச்சு வாங்கியது. இழுத்து நடக்கும் காலை வைத்துக்கொண்டு இத்தனை படி எப்படித்தான் ஏறி இறங்குகிறானோ என்று நினைத்தார். கதவுக்கு வெளியே ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. இடது செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்து போயிருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள். யார் என்று அவருக்குத் தெரியும். குளிர்காலம் முழுக்க அந்த இருமலைப் பக்கத்துப் பாயில் கேட்டுக்கொண்டே தூங்கி வளர்ந்தவர்.

மணியை அழுத்தக் கை போனது. பாதியில் நின்றது.

இந்தச் செருப்பையும் இருமலையும் நினைத்து உருகிக்கொண்டு நிற்கிறோம். உள்ளே இருக்கிறவன் என்ன செய்தான்? படம் பிடித்துப் போட்டு, யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று நூற்றைம்பதுக்கு விலை வைத்தான். ஒன்பது வருடம் ஒருத்தன் சுவரோடு ஆடிக்கொண்டிருக்கிறான், இன்னொருத்தன் இடத்தைக் காலி பண்ணுகிறான். வேண்டாம் என்று தூக்கிப் போட்டவன் வீட்டு வாசலில் தொப்பியும் டப்பாவுமாக எதற்கு நிற்க வேண்டும்?

தராசுக்காரர் திரும்பினார். நான்கு படி இறங்கியிருப்பார், போன் அடித்தது. ஜீரோ.

"அண்ணே, வாங்கியாச்சா?"

"இல்ல. நான் வந்துடறேன். மேஜை எனக்கு வேண்டாம். உன் கணக்குல கரும்புள்ளி விழுந்தா விழட்டும், மன்னிச்சுக்க."

"கரும்புள்ளி கிடக்கட்டும். முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. எனக்கு அந்த சர்க்யூட் போர்டு கிடைச்சிருச்சு. அதை என் பொண்ணு ஊருக்கு அனுப்பச் சொல்லலாம்னு கணக்குல முகவரியை மாத்தினேன். மேஜைக்கும் சேர்ந்து மாறிடுச்சு. மாறினதும் பார்த்தா, மேஜைக்குக் கூலி இலவசம்னு வருது."

"அது ஏதாவது கோளாறா இருக்கும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். என் மச்சான் ஊரைப் போட்டேன், இலவசம். கடல் தாண்டி இருக்கற என் தங்கச்சி வீட்டைப் போட்டேன், அதுவும் இலவசம். பதினேழு ஊர் போட்டுப் பார்த்துட்டேன்."

"அதுக்கு இப்ப என்னங்கற?"

"ஏலம் ஆரம்பிச்ச அன்னிலேர்ந்து நம்ம ஊர் ஒண்ணுக்குத்தாண்ணே அவர் கூலி போட்டு வெச்சிருக்கார்."