கணக்கில் தோற்றவனின் வெற்றிப் படம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை, ஆகவே எழுதிவிட்டேன். உன் முழங்கால் வலியும் அத்தானின் முன்கோபமும் சற்றுத் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நிற்க.

"ஆஸ்பத்திரி லாண்டரியில ஈரத்துணி தூக்கித் தூக்கி முதுகை ஒடிச்சுக்கறியே, ஏதாவது படிச்சு மேல வரக் கூடாதாடா?" என்று நீ போனில் கேட்டாய். கேட்டுவிட்டு நீ நிம்மதியாகத் தூங்கிவிட்டாய், நான் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் சேரலாம், வயது தடையில்லை, மாலை வகுப்பு, குளிர்சாதனப் பழுது பார்க்கும் படிப்பு. எல்லாம் சரிதான். ஆனால் பெட்டியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் கணக்கில் தேற வேண்டுமாம். அக்கா, பின்னத்தை நான் பள்ளிக்கூடத்தோடு தலைமுழுகியவன். அது இத்தனை வருடம் எனக்காகவே காத்திருந்ததுபோல் முதல் நாளே வந்து கழுத்தைப் பிடித்தது. கணக்கு டீச்சர் என் மகளைவிட இளையவள். கடைசியில் அவளே வருத்தத்தோடு, "பரவாயில்லைங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாள். பெயில் என்பதை இவ்வளவு மென்மையாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

படிப்பை விட்டுவிட என்ன வழி என்று கேட்கக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். "மாணவர் வெற்றி மையத்துல கேளுங்க" என்று அனுப்பினார்கள். தோற்றவன் போக வேண்டிய இடத்துக்கு வைத்த பெயரைப் பார்! அங்கே ஒரு போட்டோகிராபர் கேமராவோடு காத்திருந்தார். படத்துக்கு வரவேண்டிய மாணவன் வரவில்லை. ஆலோசகர் அம்மா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஐயா, ஒரே நிமிஷம், இந்த ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் சிரிங்க" என்றார். "நான் படிப்பை விடத்தாங்க வந்தேன்" என்றேன். "உங்க தமாஷே தனிங்க ஐயா" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்த நொடியில் படம் பிடித்துவிட்டார்கள்.

மறுவாரம் எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தங்களிலெல்லாம் கல்லூரி விளம்பரமாக ஆள் உயரத்துக்கு நான் நிற்கிறேன். கையில் ஸ்பேனர், தலைக்கு மேலே "நேற்று தொழிலாளி, இன்று நிபுணர்!" என்று கொட்டை எழுத்து. அன்றிலிருந்து எனக்கு ஏழரை. லாண்டரி மேற்பார்வையாளரிடம் காலை ஷிப்டுக்காக நான் கெஞ்சிக் கிடந்தது உனக்குத் தெரியும். அதைத் தூக்கி வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு, "நிபுணர்தான் சீக்கிரம் போயிடப் போறாரே" என்றார். "நான் இன்னும் கணக்குலயே நிக்கிறேங்க" என்று உண்மையைச் சொன்னால், "என்ன அடக்கம் பாத்தீங்களா!" என்று பக்கத்திலிருந்தவரிடம் பெருமைப்படுகிறார். அதோடு விட்டாரா? துணி உலர்த்தும் மெஷின் நின்றதும் என்னையே கூப்பிட்டார். மாட்டேன் என்றேன், அடக்கம் என்றார். கையை வைத்தேன், தளம் முழுக்க இருட்டு. அத்தனை படுக்கை விரிப்பும் ஈரம். வீட்டுக்கு வந்தால் மாடி வீட்டு அம்மா வாசலில் நிற்கிறார், பிரிஜ் ஓடவில்லையாம். போய்ப் பார்த்தால் பிளக் கழன்றிருந்தது. மாட்டினேன், ஓடியது. விளைவு, இப்போது தெருவிலுள்ள செத்த பிரிஜ் எல்லாம் என் வாசலுக்கு வருகின்றன. என் வீட்டுக்காரி எல்லோருக்கும் காபி கொடுத்து, "அவருக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்கிறாள். நான் பெயிலானதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை அக்கா. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் யாராவது ஒரு பிரிஜ்ஜோடு வந்துவிடுகிறார்கள்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். படம் ஒட்டிய பிறகு படிப்பை விட முகமில்லாமல் மறுபடி கணக்குத் தேர்வு எழுதினேன், நேற்று இரண்டாம் முறையும் பெயில். வெளியே வந்து நிறுத்தத்தில் என் படத்துக்குக் கீழேயே நின்றேன். வேறு இடமில்லை, மழை. அலுவலகங்களில் துடைக்கிற வேலைக்குப் போகும் ஒரு பெண், கையில் வாளியோடு, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணே, இது நீங்கதானே? உங்களைப் பாத்துத்தான் எங்க வீட்டுக்காரரை இந்தக் காலேஜ்ல சேத்துவிட்டேன். மூட்டை தூக்கறவர். 'எனக்கெல்லாம் வருமா'ன்னு அழுதார். 'அந்த அண்ணன் முகத்தைப் பாருங்க, அவருக்கே வந்திருக்கே'ன்னு சொன்னேன்" என்றாள். அக்கா, எனக்கு வரல, ரெண்டு தடவை வரலன்னு சொல்லியிருக்கணும். அதற்குப் பதிலாக "நல்ல காரியம் பண்ணீங்கம்மா" என்றேன். பஸ் வந்தது. ஏறவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து வர எனக்குத் தைரியமில்லை. நனைந்துகொண்டே நடந்தேன்.

ஆகவே நாளை காலை முதல் வேலையாகக் கல்லூரிக்குப் போய் என் பெயரை அடிக்கச் சொல்வேன், படத்தைக் கிழிக்கச் சொல்வேன், பிறகு வீட்டில் உண்மையைச் சொல்வேன். மேலே போவதெல்லாம் மேலே போகிறவர்களுக்கு. எனக்கு ஈரத்துணி போதும். இது முடிந்த முடிவு. நீ போன் செய்து மாற்றப் பார்க்காதே. அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்களையாவது பின்னம் தெரிந்தவர்களாக வளர்.

இப்படிக்கு,
எதிலும் தேறாத உன் தம்பி

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது என் வீட்டுக்காரி பிடுங்கிப் படித்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். "பெயிலானது அன்னைக்கே தெரியும். பாஸாகியிருந்தா தெருவுக்கே கேக்கறாப்ல கத்தியிருப்பீங்க. நானும் போன வாரமே பேர் குடுத்துட்டேன், நாளைக்குத் தொடங்கற அதே கணக்கு வகுப்புதான். இந்தத் தடவை நீங்க பாஸாகி முன்னால போயிடுவீங்களோன்னுதான் பயந்துகிட்டிருந்தேன்" என்கிறாள். ஆகவே மேலே எழுதியது எதுவும் செல்லாது. நாளை மாலை வகுப்புக்குப் போகிறோம். ஆனால் ஒன்று அக்கா, அவளுக்குக் கணக்கு நன்றாக வரும்.